பிளவையால் அடையாத கடன்

சுமைக்காரன் கெட்ஸெல் தரவேண்டியிருந்தது பதினொரு ரூபிளும் நாற்பது கோபெக்கும். மகள் கல்யாணத்துக்கு வாங்கியது. மாப்பிள்ளைக்கு பூட்ஸ், பெண்ணுக்கு வாத்து இறகு மெத்தை, பிடில் வாசிக்க வந்த இரண்டு பேருக்குக் கூலி, எல்லாம் சேர்ந்து அவ்வளவு ஆனது. கொடுத்தவர் படகுத்துறையில் கயிற்றுக்கடை வைத்திருந்த ஷாக்னே. சீட்டு எதுவும் எழுதவில்லை. கெட்ஸெலுக்கு எழுதத் தெரியாது. ஷாக்னேக்கோ ஒருத்தனிடம் சீட்டு கேட்க வாய் வராது.

அந்த ஷாக்னே போன வருஷம் வசந்தம் பிறக்கும் முன் இறந்துபோனார். நெஞ்சுச்சளி. சாவதற்கு மூன்று நாள் முன்னால் கம்பை ஊன்றிக்கொண்டு துறைக்கு இறங்கி வந்து, கெட்ஸெலின் வலது தோளில் கை வைத்து, "அந்தப் பணம் தோதுப்பட்டுச்சாப்பா?" என்று கேட்டார். கோதுமைப் படகு வந்திருந்த நேரம். சுற்றி எட்டுப் பத்து சுமைக்காரர்கள் நின்றிருந்தார்கள். கெட்ஸெல் வாயைத் திறந்தான், அவனே நினைக்காத ஒரு பேச்சு அதிலிருந்து வந்தது.

"உங்க வீட்டுல அக்காகிட்ட குடுத்துட்டேனே அண்ணே!"

"அப்படியா? சரி சரி. சொல்ல மறந்திருப்பா." ஷாக்னே இருமிக்கொண்டே மேடேறிப் போனார். நான்காம் நாள் அவரை வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துப் போனார்கள். கெட்ஸெலும் ஒரு கை பிடித்தான்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் அவன் கயிற்றுக்கடைப் பக்கம் போகவில்லை. கடையை இப்போது ஷாக்னேயின் மனைவி டோய்பே பார்த்துக்கொண்டாள். அவளும் எதுவும் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியாது என்று கெட்ஸெல் நினைத்துக்கொண்டான்.

இந்த வருஷம் மன்னிப்புக் கேட்கும் மாதமான எலூல் பிறந்து, காலைத் தொழுகை முடிந்ததும் ஆட்டுக்கொம்பு ஊதத் தொடங்கிய வாரத்தில், கெட்ஸெலின் வலது தோளில் ஒரு கட்டி வந்தது. சுமைக்காரனுக்குக் கட்டி வருவது புதிதல்ல. மூட்டையின் சணல் அறுக்கும், வியர்வை ஊறும், தூசி ஏறும். ஆனால் இது கடுகாக வந்து, கொட்டைப்பாக்காகி, நாலைந்து கண் வைத்துச் சிவந்து, பிளவையாக இறங்கிவிட்டது. சரியாக ஷாக்னே கை வைத்த இடம்.

அந்தச் சனிக்கிழமை ஓய்வுநாளில் யூதச் சுமைக்காரர் தொழுகைக்கூடத்தில் ஊர் சுற்றும் பிரசங்கி ஒருவர் பேசினார். ஆண்டவன் தான் நேசிக்கிறவனிடம்தான் இங்கேயே வசூல் செய்கிறார், அங்கே போகும்போது அவன் பாக்கி இல்லாமல் போகட்டும் என்று. வந்த வேதனையை முணுமுணுக்காமல் அன்போடு வாங்கிக்கொள்கிறவனுக்கு, காரநீரில் போட்ட சட்டை மாதிரி அழுக்கெல்லாம் போய்விடும் என்று. கடைசி பெஞ்சில் தோளைச் சாய்க்க முடியாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த கெட்ஸெலுக்கு மயிர்க்கூச்செறிந்தது. வலது தோள். கை வைத்த இடம். இது வசூல் அல்லாமல் வேறென்ன?

அன்றையிலிருந்து அவன் முனகுவதை நிறுத்தினான். கணக்கும் ஆரம்பித்தான். கட்டி வந்த நாளையே முதல் நாளாக வைத்தான். ஒரு நாள் மூட்டை தூக்கினால் முப்பது கோபெக் கூலி. ஒரு நாள் வலியைத் தூக்கினாலும் முப்பதுதானே நியாயம்? பத்து நாளில் மூன்று ரூபிள் அடைந்தது. பதினோராம் நாள் காய்ச்சல் கண்டது. மழையில் நனைந்த மூட்டைக்குத் துறையில் இரட்டைக் கூலி. காய்ச்சலும் அப்படித்தான் என்று நாளுக்கு அறுபது வைத்தான். ஓய்வுநாளில் கூலி கிடையாது, ஆனால் வலி அன்றைக்கு ஓய்வெடுக்கவில்லையே என்று அதையும் சேர்த்துக்கொண்டான். நாள் முடிந்ததற்கு அடையாளமாக வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்த பிறகுதான் கூட்டிப் பார்ப்பான், அதில் தவறமாட்டான்.

இருபத்தொரு நாளில் ஒன்பது ரூபிள் அறுபது கோபெக் தீர்ந்திருந்தது. இன்னும் ஒன்று எண்பது. காய்ச்சல் விடாமல் இருந்தால் வியாழன், வெள்ளி, சனி. ஞாயிற்றுக்கிழமை விடியும்போது கெட்ஸெல் யாருக்கும் கடன்காரன் இல்லை.

ஆனால் வியாழக்கிழமை காலையில் தானிய மூட்டையோடு படகுக்குப் போட்ட பலகையில் ஏறியவன் பாதியிலேயே மடங்கி விழுந்தான். மூட்டை ஆற்றுக்குள் போனது. நல்லவேளை, அவன் பலகையிலேயே கிடந்தான்.

கூட மூட்டை தூக்கும் ஹெஷ்கேயும் இன்னும் மூன்று பேரும் அவனை ஒரு கதவுப்பலகையில் போட்டு வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். ஹெஷ்கே எங்கள் துறையிலேயே பெரிய வாய்க்காரன்.

"பாத்துத் தூக்குங்கடா, மகானைக் கீழ போட்டுடாதீங்க. மூணு வாரமா தோள்ல நெருப்பை வச்சிக்கிட்டு ஒரு 'ஐயோ' சொல்லல இந்த ஆளு! உள்ளுக்குள்ள ஒளிஞ்சிருக்கற நீதிமான்டா இவரு."

"அதுக்காகத்தான் நேத்து அவரு கோட்டுல உன் முட்டியத் தேச்சியா?" என்றான் பின்னால் பிடித்தவன்.

"தேச்சேன். உனக்கென்ன? வலி குறைஞ்சாப்பலதான் இருக்கு."

பலகையில் கிடந்த கெட்ஸெல் கண்ணை இறுக மூடிக்கொண்டான். பிளவையைவிட அந்தப் பேச்சு அவனுக்கு அதிகமாக எரிந்தது. அதற்கு என்ன போடுவது என்று கணக்குத் தெரியவில்லை.

அவன் மனைவி த்வோஷா வாத்து இறகு பிய்த்துக்கொண்டிருந்தாள். மடியிலிருந்த இறகெல்லாம் அறை முழுக்கப் பறக்க எழுந்து ஓடி வந்தாள். சட்டையைக் கிழித்துத் தோளைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. அவளிடம்கூடக் காட்டாமல் மறைத்து வைத்திருந்தான்.

"இது கட்டியா? இது அடுப்பு! ஊருல ஒவ்வொரு புருஷனும் சாராயத்தை ஒளிச்சு வைக்கிறான், என் வீட்டு மனுஷன் பிளவைய ஒளிச்சு வச்சிருக்காரு. ஹெஷ்கே, ஓடுப்பா, யோனாவைக் கூட்டிட்டு வா!"

யோனா முடி வெட்டுவார், பல் பிடுங்குவார், அட்டை விடுவார், ரத்தம் எடுப்பார். படித்த டாக்டர் இருபது மைல் தள்ளி இருந்தார், அவரும் எங்களுக்காக வரமாட்டார். யோனா தோளைச் சுற்றி விரலால் அழுத்திப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், பிறகு தோல்பையைத் திறந்தார்.

"தண்ணி கொதிக்க வைம்மா. இப்பவே அறுத்தாகணும்."

"வேணாம்" என்றான் கெட்ஸெல்.

"என்ன வேணாம்?"

"ஞாயித்துக்கிழமை அறுங்க. ஞாயித்துக்கிழமை காலைல. அதுவரைக்கும் பொறுங்க ஐயா, கும்பிட்டுக் கேக்கறேன்."

யோனா கத்தியைத் துடைத்தபடி சாதாரணமாகச் சொன்னார். "ஞாயித்துக்கிழமை நான் வரமாட்டேன். அடக்கச் சங்கத்துக்காரங்க வருவாங்க. உன்னைக் குளிப்பாட்ட. விஷம் கழுத்துக்கு ஏறுது, தெரியுதா? நாளைக்கு மத்தியானத்துக்கு மேல கத்திக்கு வேலை இல்ல."

"ஆண்டவன் குடுத்தது. அன்போட வாங்கிக்கிட்டேன். பாதியில திருப்பிக் குடுக்கக் கூடாது."

சொல்லிவிட்டு அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். யோனா தொட வந்தபோது இடது கையால் தட்டிவிட்டான். இருபது வருஷம் மூட்டை தூக்கிய கை, காய்ச்சலிலும் அதில் பலம் இருந்தது. யோனா பின்வாங்கினார்.

த்வோஷா கட்டிலோரம் மண்டியிட்டாள். அவளுக்குக் கோபத்தைவிட பயம் அதிகமாக இருந்தது.

"அது என்ன ஞாயித்துக்கிழமை? அன்னைக்கு என்ன இருக்கு?"

அவன் உதடு மட்டும் அசைந்தது. அவள் காதை வாயருகே கொண்டுபோனாள். "இன்னும் ஒண்ணு எம்பது... ஒண்ணு எம்பதுதான் பாக்கி..."

"என்ன ஒண்ணு எம்பது?"

அவன் முகத்தை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். மெத்தை, பூட்ஸ், ஷாக்னேயின் கை, தான் சொன்ன பொய், நாளுக்கு முப்பது, காய்ச்சலுக்கு அறுபது. கேட்கக் கேட்க த்வோஷா எழுந்து நின்றுவிட்டாள். கடன் வாங்கியதே அவளுக்குத் தெரியாது. சேர்த்து வைத்த பணம் என்று அன்றைக்கு அவளிடம் சொல்லியிருந்தான்.

"என்கிட்ட சொல்லியிருந்தா நாலு வாத்தை வித்திருப்பேனே, பாவி மனுஷா" என்றாள். பிறகு தலைத்துணியை இழுத்துக் கட்டினாள். "ஐயா, நீங்க போயிடாதீங்க. தண்ணி கொதிக்கட்டும். நான் இதோ வரேன்."

அவள் எங்கே போகிறாள் என்று கெட்ஸெலுக்குப் புரிந்தபோது அவள் தெருவைத் தாண்டியிருந்தாள்.

டோய்பே கையில் தார் அப்பியபடியே வந்தாள். உயரமான பெண்பிள்ளை, அறுபதை நெருங்கியவள். உள்ளே வந்து கட்டிலையும், யோனாவையும், கொதிக்கிற தண்ணீரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"உன் பொண்டாட்டி வழியெல்லாம் அழுதுகிட்டே சொன்னா. நீ உன் வாயால சொல்லு. எவ்வளவு அடைச்சிருக்க?"

"ஒம்போது ரூபிள் அறுவது, அக்கா" என்றான் கெட்ஸெல் மெதுவாக.

"யாருகிட்ட?"

அவன் கண்ணை மேலே காட்டினான்.

"ஓஹோ. வாங்கினது எங்க வீட்டுல, அடைக்கிறது அங்கயா? என் மாவுப்பானையைப் போய்ப் பாரு, உன் ஒம்போது ரூபிள் அறுவதுல ஒரு கோபெக்காவது கிடக்குதான்னு. இந்த மூணு வாரத்துல உன் பிளவை எனக்கு ஒரு ரொட்டி வாங்கிக் குடுத்துச்சா?"

"அக்கா, பிரசங்கி என்ன சொன்னாருன்னா..."

"பிரசங்கி சொன்னது சரி. உனக்கும் ஆண்டவனுக்கும் நடுவுல இருக்கறதை ஆண்டவன் வலியால கழுவுவாரு. உனக்கும் எனக்கும் நடுவுல இருக்கறதை என்கிட்டதான் வந்து கழுவணும். ஆட்டுக்கொம்பு ஊதற மாசத்துல சின்னக் குழந்தைக்குக்கூட இது தெரியும், உனக்குத் தெரியலயா?" அவள் கையிலிருந்த தாரைக் கிள்ளிக்கொண்டே பேசினாள். "என் புருஷன் போனாரு. அது ஆண்டவன் செஞ்சது. அவரு தீர்ப்பு நியாயந்தான்னு துக்கத்துக்குச் சட்டையைக் கிழிச்சுக்கிட்டு நானும் சொன்னேன். மனசார சொன்னேன். சொல்லிட்டு ஏழு நாள் தரையில உக்காந்து கூப்பாடு போட்டு அழுதேன். அழாதேன்னு ஆண்டவன் சொல்லல. ஆனா என் பதினொரு ரூபிள் போனது நீ செஞ்சது. அதை நான் எதுக்கு அன்போட ஏத்துக்கணும்?"

கெட்ஸெல் அவள் பக்கம் திரும்பினான். அதுவரை அவளிடம் தன் வாயால் சொல்லாததைச் சொல்லிவிட்டான்.

"பணம் மட்டும் இல்ல அக்கா. அவருகிட்ட பொய் சொன்னேன். உங்ககிட்ட குடுத்துட்டேன்னு சொன்னேன். அவரு அதை நம்பிக்கிட்டே, இல்ல, நம்பாமலே போயிட்டாரோ என்னமோ. அதைக் கேக்க ஆள் இல்ல. அதுக்காகத்தான் இது. இதையும் எடுத்துட்டா நான் எதை வச்சு அடைப்பேன்?"

டோய்பே தாரைக் கிள்ளுவதை நிறுத்தினாள். அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. யோனா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"நம்பிட்டுத்தான் போனாரு" என்றாள் டோய்பே.

"என்ன?"

"அன்னைக்குத் துறையிலேருந்து வந்ததும் கேட்டாரு. 'கெட்ஸெல் பணம் குடுத்துட்டானாமே, நீ சொல்லவே இல்லையே?'ன்னு. நான் 'ஆமா, குடுத்தான், மறந்துட்டேன்'னேன்."

கெட்ஸெல் தலையைத் தூக்க முயன்றான், முடியவில்லை.

"இல்லைன்னு சொன்னா அந்தக் குளிர்ல மறுபடி துறைக்கு இறங்கியிருப்பாரு. மூச்சு விடவே பாடா இருந்துச்சு அவருக்கு. அதோட, நீ அவரு மூஞ்சியப் பாத்துப் பொய் சொன்னது தெரிஞ்சா பணத்துக்கு வருத்தப்படமாட்டாரு, உனக்காக வருத்தப்படுவாரு. சமாதானத்துக்காக ஒரு வார்த்தையை மாத்திச் சொல்லலாம்னு பெரியவங்க விட்டிருக்காங்க. மாத்திச் சொன்னேன். 'பாத்தியா, நல்ல பையன்'னுட்டுப் படுத்தாரு. நிம்மதியாத்தான் போனாரு."

"அப்ப ஒன்றரை வருஷமா உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் கேக்கல?"

"வாங்கிட்டேன்னு சொன்ன வாயால எப்படிக் கேக்கறது? நீயா வருவேன்னு பாத்தேன். போன பாவநிவிர்த்தி நாளுக்கு முந்தின நாள் ஊரே மன்னிப்புக் கேட்டு வீடு வீடா ஏறி இறங்குச்சு. ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். நீ வந்த. என் வாசல்ல ஒரு நிமிஷம் நின்ன. அப்புறம் எதிர்வீட்டுக்குப் போயிட்ட. அன்னைக்குத்தான் எனக்குக் கோவம் வந்துச்சு, அதுவரைக்கும் இல்ல."

கெட்ஸெல் அழுதான். சத்தமில்லாமல் ஆரம்பித்து, பிறகு சத்தமாகவே அழுதான். த்வோஷா மூக்கைச் சிந்திக்கொண்டு அவன் தலைப்பக்கம் போய் நின்றாள்.

"மன்னிச்சிருங்க அக்கா."

"என்கிட்ட செஞ்சதுக்கு மன்னிச்சேன், மன்னிச்சேன், மன்னிச்சேன்." டோய்பே வழக்கப்படி மூன்று தடவை சொல்லிவிட்டு விரலை நீட்டினாள். "பணத்தை இல்ல! அதைத் தள்ளுபடி பண்ண நான் பணக்காரி கிடையாது. கைல பணமா குடுக்கணும். செத்த சுமைக்காரன் எனக்கு எப்படிக் குடுப்பான்? அதனால இப்ப குப்புறப் படு. ஐயா, கத்தியை எடுங்க."

அவன் குப்புறப் படுத்தான். ஹெஷ்கே இரண்டு காலையும் பிடித்துக்கொண்டான். கெட்ஸெல் பழக்கதோஷத்தில் பல்லைக் கடித்தான்.

"கத்து" என்றாள் டோய்பே.

"ம்?"

"கத்துடா! வலிச்சா கத்தறதுதான் மனுஷனுக்கு. அன்பு அதுல ஒண்ணும் கொறைஞ்சிராது."

யோனா கத்தியை இறக்கினார். கெட்ஸெல் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. துறையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் கையை விட்டுவிட்டு மேடு ஏறிப் பார்த்தார்கள். மூன்று வார 'ஐயோ' எல்லாம் ஒரே மூச்சில் வந்தது. நடுவில் யோனாவைத் திட்டினான், ஹெஷ்கேயைத் திட்டினான், தானியப் படகுக்காரனைத் திட்டினான், ஆண்டவனைக் கூப்பிட்டான்.

"நீதிமான் வெளிய வந்துட்டாருடோய்!" என்று ஹெஷ்கே கத்தினான். காலைப் பிடித்தபடியே அவனும் கண் கலங்கியிருந்தான்.

சீழ் வடிந்தது. யோனா உப்புத்தண்ணீரில் கழுவித் துணி வைத்துக் கட்டினார். "பொழைச்சுக்குவான். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா சொல்லியிருக்க முடியாது" என்று கை கழுவினார்.

பிற்பகல் வெயில் ஜன்னலில் சாய்ந்தபோது கெட்ஸெல் கண் விழித்தான். தோளில் வெட்டுக்காயம் எரிந்தது, ஆனால் அந்த அடுப்பு அணைந்திருந்தது. உடம்பு வெறும் உடம்பாக, பாரமில்லாமல் கிடந்தது. த்வோஷா நீட்டிய பார்லிக் கஞ்சியை இரண்டு வாய் குடித்தான். ருசியாக இருந்தது. அப்போது அவனுக்குள் ஒரு நன்றி பொங்கிக்கொண்டு வந்தது, நெஞ்சு கொள்ளவில்லை. இந்த மூன்று வாரமும் ஆண்டவனை இப்படி ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லையே என்று அவனுக்கு உறைத்தது. வலியை அன்போடு வாங்கியதாக நினைத்தது அன்பே இல்லை, கூலிக்கணக்கு. இப்போதுதான், கணக்கில் ஒரு கோபெக்கும் அடையாமல் பதினொரு ரூபிள் நாற்பதும் அப்படியே நிற்கும்போதுதான், அவனுக்கு ஆண்டவன் மேல் பிரியமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. அந்த வெட்கத்தோடேயே தூங்கிப்போனான். மூன்று வாரத்தில் முதல் தூக்கம்.

பாவநிவிர்த்தி நாளுக்கு முன்னால், தோளில் கட்டோடு, சுமைக்காரர்கள் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு ஷாக்னேயின் கல்லறைக்குப் போனான். செத்தவரிடம் மன்னிப்புக் கேட்பதென்றால் பத்துப் பேர் நிற்கவேண்டும், சாட்சியாக. செருப்பைக் கழற்றிவிட்டு ஈரப்புல்லில் நின்றார்கள். ஆண்டவனுக்கும் இந்த ஷாக்னேக்கும் எதிராகத் தப்புச் செய்தேன், கடனைத் தராமல் தந்ததாகப் பொய் சொன்னேன் என்று கெட்ஸெல் உரக்கச் சொன்னான். பத்துப் பேரும், மன்னித்தாயிற்று என்று மூன்று தடவை பதில் சொன்னார்கள். செருப்பை மாட்டிக்கொண்டு துறைப்பக்கம் திரும்பி நடந்தார்கள்.

"அப்ப நீ மகான் இல்லையா?" என்றான் ஹெஷ்கே.

"இல்லடா."

"அதான பாத்தேன். முட்டி வலி மறுநாளே திரும்பி வந்துருச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ஸெலுக்கு அன்றிலிருந்து துறையில் நடப்பது லேசாக இருந்தது, மூட்டை இல்லாதபோதும் இருக்கிறபோதும்.

காயம் ஆற இரண்டு மாதம் ஆனது. குளிர்காலத்தில் ஹனுக்கா பண்டிகை விளக்கு ஏற்றிய வாரம் முதல் தவணை கொடுத்தான். வாரம் முப்பது கோபெக், வெள்ளிக்கிழமை, ஓய்வுநாள் ரொட்டி அடுப்பிலிருந்து வரும் முன்னால். ஆறு உறைந்து படகு வராத நாட்களில் விறகு பிளந்தான், பனிக்கட்டி அறுத்தான். இரண்டு வெள்ளிக்கிழமை தவறியது, அடுத்த வாரம் சேர்த்துக் கொடுத்தான். ஒரு வாரம் த்வோஷாவின் வாத்து இறகுப் பணம் போனது. அவள் அதை அவனுக்கு ஞாபகப்படுத்தாத நாள் இல்லை.

முப்பத்தெட்டாவது வாரம் டோய்பேயின் கடைப்பலகையில் கடைசி முப்பது கோபெக்கை வைத்தான். அவள் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினாள்.

"பதினொண்ணு நாப்பது. சரியா இருக்கு. தீர்ந்துச்சுப்பா."

"தீர்ந்துச்சா அக்கா?"

"தீர்ந்துச்சுன்னா தீர்ந்துச்சுதான். இன்னும் எத்தனை தடவை சொல்லணும்? வந்ததே வந்த, வண்டிக்காரன் அந்த மாவு மூட்டையை வாசல்லயே போட்டுட்டுப் போயிட்டான். மாடிக்குத் தூக்கி வச்சிட்டுப் போ."

கெட்ஸெல் குனிந்து மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு மாடிப்படி ஏறினான். இறங்கி வந்தபோது டோய்பே கூலியாக இரண்டு கோபெக்கை நீட்டினாள். சும்மா இருக்கட்டும் என்று சொல்ல வாயெடுத்தவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான். நல்ல ஓய்வுநாள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அவன் வீட்டுக்கு நடந்தான்.